மஞ்சள் கட்டத்துக்கு வெளியே

கேமரா அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உதவுகிற மாதிரி என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கேட்டு வந்தவர், "நல்லதா நாலு விஷயம் எழுதுங்க மேடம்" என்றார். நல்லதாக எழுத என்னிடம் சரக்கு கம்மி. இருப்பதை எழுதுகிறேன். கசந்தால் டீயில் சர்க்கரையை ஜாஸ்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக வெளியே வந்தவள். சர்வீசில் பெரும்பகுதி டிராஃபிக். அதிலும் பெரும்பகுதி பள்ளிக்கூட வாசல். பெண் போலீஸ் என்றால் குழந்தைகளைப் பிடிக்கும் என்று எங்கள் அதிகாரிகளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்குப் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. காலையில் ஒரு வாசல், சாயங்காலம் அதே வாசல், நடுவில் தேரடித் தெருவில் வெயில். இப்படித்தான் என் திருவண்ணாமலை கழிந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையைச் சுற்றும்போது நான் ஒரே இடத்தில் நின்று பஸ்ஸைத் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு ஏட்டு. வாயைத் திறந்தால் திட்டு, மூடினால் வெற்றிலை. நான் சட்டப் புத்தகத்தில் இருப்பதுபோல விறைப்பாக நின்று ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து, "வண்டிய பாக்காத. வண்டிக்குக் கீழ பாரு. சின்னக் கால் தெரிஞ்சா எல்லாத்தையும் நிறுத்து, கலெக்டர் வண்டியா இருந்தாலும்" என்றார். அவர் சொன்னது நிஜம். ஐந்து வயதுப் பிள்ளை காரின் முன்பக்கத்தைவிடக் குள்ளம். ஓட்டுபவருக்குத் தெரியாது. எதிரே நிற்கும் நமக்கும் தெரியாது. சக்கரங்களுக்கு நடுவில் கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் மட்டும் தெரியும். அந்த வாரமே, ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு வேனை அப்படித்தான் நிறுத்தினேன். வேன்காரர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். வேனுக்குப் பின்னால் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் பார்க்கப்போகும் கேமரா கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. அதற்கு வண்டியின் கூரை தெரியும், நம்பர் பிளேட் தெரியும். கால் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். தெரு குறுகல், பிள்ளைகள் ஏராளம். காலையில் கார், ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டும். நானும் ஆட்டோக்காரர்களும் சேர்ந்து ஒரு முறை வைத்திருந்தோம். நான் விசில் ஊதினால் மூன்று ஆட்டோ உள்ளே வரும். கேட்டுக்கு நேரே நின்று பிள்ளைகளை இறக்கும். கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டியதும் அடுத்த விசில். மூன்றும் கிளம்பும், அடுத்த மூன்று வரும். யார் படம் போட்டுக் காட்டியும் செய்யவில்லை. தொண்டை கிழியக் கத்தி, தினமும் யாருடனாவது சண்டை போட்டு, வருஷக்கணக்கில் படிந்த பழக்கம் அது. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

பிறகு கேமரா வந்தது. கேட்டுக்கு முன்னால் ரோட்டில் பெரிதாக ஒரு மஞ்சள் கட்டம் அடித்தார்கள். கட்டத்துக்குள் வண்டி நின்று பிள்ளையை இறக்கலாம், ஆனால் நிறுத்தி வைக்கக் கூடாது. அதிக நேரம் நின்றால் கேமரா தானாகவே படம் பிடித்து, வண்டி ஓனரின் போனுக்கு ஃபைனை அனுப்பிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய் மிஸ்ஸுடன் அரட்டை அடிக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். இவர்களுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் நின்றால் அதிக நேரம்? அதைக் கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்கச் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வந்தது காலாண்டுப் பரீட்சை லீவில். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளே இல்லையே என்றேன். அதுதான் வசதி, தொந்தரவு இருக்காது என்றார்கள். பிள்ளைகளுக்குப் பதிலாக எங்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆம், போலீஸ்காரர்களை. பூட்ஸ் போட்ட கான்ஸ்டபிள்கள் ஆட்டோவிலிருந்து தொப் தொப்பென்று குதித்தார்கள். கம்பெனிக்காரர் போனில் நேரம் பிடித்தார். என் முறை வந்தபோது நான் பிள்ளை மாதிரி இறங்கிக் காட்டுகிறேன் என்று ஒரு காலை வைத்து, நின்று, திரும்பி, இல்லாத டிபன் பையைத் தேடினேன். "மேடம், கொஞ்சம் சீக்கிரம்" என்றார் எங்கள் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். போலீஸ்காரன் இறங்குகிற நேரம் பிள்ளைகள் இறங்குகிற நேரமாகப் பதிவானது.

எல்.கே.ஜி. பிள்ளை ஆட்டோவிலிருந்து இறங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதலில் இறங்கவே மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கையைப் பிரித்தால் தண்ணீர் பாட்டில் உருளும். பாட்டிலை எடுத்தால் பக்கத்துப் பிள்ளை தன் பாட்டில் என்று அழும். ஒன்றை இறக்கி நிறுத்தினால் இன்னொன்று மூக்கைத் துடைக்கச் சொல்லும். காரில் வரும் பிள்ளை ஒன்று, கதவைத் திறந்தால் இறங்கிவிடும். ஆட்டோவில் ஆறு. கேமரா இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஆட்டோக்காரர்களின் போன் வரிசையாக மணி அடிக்க ஆரம்பித்தது.

அவர்களில் காதர் பாய் என்று ஒருவர். மெலிந்த மனிதர், நரைத்த தாடி, சட்டைப் பையில் எப்போதும் மூன்று நான்கு கர்ச்சீப். பிள்ளைகளின் மூக்குக்காக. அவருடைய ஆட்டோவில் பிள்ளையை ஏற்றிவிட்டால் தாய்மார்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்குப் போவார்கள். என்னிடம் வந்து போனைக் காட்டினார். ஃபைன் மேல் ஃபைன். கோபப்படவில்லை. "மேடம், பசங்கள எறக்கறதா, உதறுறதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அதிகாரியிடம் போனேன். கெட்டவர் இல்லை, இளவயதுக்காரர், கேமராமீது அவருக்கு நிஜமான காதல். அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றேன். கம்பெனிக்கு மெயில் போடுகிறேன் என்றார். போட்டார். கூட்டினால் எல்லாப் பள்ளிக்கும் கூட்ட வேண்டும், அதற்குப் புது உத்தரவு வேண்டும் என்று பதில் வந்தது. உத்தரவு மேலே போனது. மேலே போன எதுவும் எனக்குத் தெரிந்து சீக்கிரம் கீழே வந்ததில்லை. ஒரு பட்டனைத் தட்ட வேண்டிய வேலை. அந்தப் பட்டன் எங்கள் ஊரில் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் ஆட்டோக்காரர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவுக்குள் வருவதையே விட்டார்கள். செங்கம் ரோட்டு வளைவில், டீக்கடைக்கு எதிரே நிறுத்தி, பிள்ளைகளை அங்கேயே இறக்கினார்கள். அங்கிருந்து மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து தெருவுக்குள் நடக்க வேண்டும். பெங்களூர் பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் லாரியும் போகும் ரோடு அது. ஆட்டோவைப் பார்த்து ஸ்கூட்டர்களும் அங்கேயே நிற்க ஆரம்பித்தன. தெருவுக்குள் மஞ்சள் கட்டம் காலியானது.

அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எட்டரை மணிக்குப் பள்ளி வாசல் கோயில் மண்டபம் மாதிரி வெறிச்சென்று இருந்தது. "எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க மேடம். இந்த மாசம் ஃபைனே இல்ல" என்றார். பிள்ளைகள் மெயின் ரோட்டில் இறங்குகிறார்கள் சார் என்றேன். நடந்து வருவது உடம்புக்கு நல்லதுதானே என்றார். கிண்டல் இல்லை, நம்பித்தான் சொன்னார். அந்தத் திரையை யாரோ படம் எடுத்து மேலே அனுப்பினார்கள். நெரிசலே இல்லாத பள்ளி என்று பாராட்டு வந்தது. அந்தக் கையோடு என்னை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேமரா இருக்கும் இடத்தில் ஆள் எதற்கு என்பது நியாயமாம். அப்படியானால் என்னை அந்த வளைவில் போடுங்கள் என்று கேட்டேன். வளைவு இந்தத் திட்டத்தில் வராது என்று பதில்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் பஸ்கள் செங்கம் ரோட்டில் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கிளம்பும் நேரம். அன்று பள்ளியும் உண்டு. பஸ்களை ஒழுங்குபடுத்த என்னை அந்த ரோட்டில் போட்டிருந்தார்கள். வளைவிலிருந்து கூப்பிடு தூரம். காதர் பாயின் ஆட்டோ வந்து நின்றதைப் பார்த்தேன்.

அவருக்கு ஆறு பிள்ளைகள், இரண்டு கை. அதனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். நாலு பேரை இறக்கி, ஒரு கைக்கு இரண்டு பேராகப் பிடித்து, ரோட்டைத் தாண்டி, தெரு முனையில் சுவரோரமாக நிற்க வைப்பார். திரும்பி வந்து மீதி இரண்டு பேரைக் கூட்டிப்போவார். அதுவரை அந்த இருவரும் ஆட்டோவுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தினமும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று யாழினி என்கிற யு.கே.ஜி. பிள்ளை உட்காரவில்லை. எதிர்ப்புறம் போன நால்வரில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா கையை ஆட்டினாள். இவள் இறங்கிவிட்டாள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது.

நான் விசில் ஊதினேன், கத்தினேன், ஓடினேன். எதுவும் உதவவில்லை. காதர் பாய் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். நான்கு பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு அவரால் ஓடி வரவும் முடியவில்லை. அந்த முகத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாழினியைத் தூக்கி அந்த வேனிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்தாள். இடுப்பெலும்பில் முறிவு. நெடுநாள் படுக்கை. பிறகு நடந்தாள், ஒரு பக்கம் சாய்ந்து.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. வேன்காரர்மீது கேஸ் போட்டார்கள், சரி. ஆனால் வேன் ஓனருக்கு நல்ல வக்கீல் கிடைத்தார். பிள்ளைகளை நடு ரோட்டில் இறக்கிவிட்டது ஆட்டோக்காரர்தானே என்று அவர் கேட்டார். உடனே எங்களுக்கும் அது நியாயமாகத் தோன்றிவிட்டது. காதர் பாய்மீதும் கேஸ். நேரில் பார்த்த போலீஸ் நான் ஒருத்திதான். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதச் சொன்னார். ஆட்டோ ஓட்டுநர் பள்ளி வாசலுக்குப் போகாமல் மெயின் ரோட்டில் நிறுத்தி, குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார். இவ்வளவுதான் வாக்கியம்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் எழுதச் சொன்னால் மறுப்பது சுலபம். உண்மையை எழுதச் சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். அவர் ஏன் வாசலுக்குப் போகவில்லை என்பதையும் எழுதுகிறேன் என்றேன். கேமராவுக்கு எப்படி நேரம் வைத்தார்கள், பிள்ளைகள் இறங்க எவ்வளவு நேரம் ஆகும், நான் யாரிடம் எப்போது சொன்னேன், எல்லாம்.

"ஏன்னு யாரும் கேக்கல மேடம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. பென்ஷன் ஃபைல் எந்த மேஜையில் வேண்டுமானாலும் படுத்துத் தூங்கக்கூடிய காலம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்போது ரிட்டயர் ஆகிறீர்கள் என்று அன்பாக விசாரித்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட எரிச்சல் ஜாஸ்தியாக இருந்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இரண்டையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் நான் ஜெயித்தேன் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். என்னை யாரும் பழிவாங்கவில்லை. பென்ஷன் ஒழுங்காக வந்தது. அவர்கள் என் வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு அந்த ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டார்கள். அவரும் பார்த்ததைத்தானே சொன்னார். என் வீரத்தால் காதர் பாய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

யாழினியின் அம்மா ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்து, பாய்மேல் கேஸ் வேண்டாம், இந்தப் பிள்ளைகளை அவர் எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னார். அது உங்கள் இஷ்டத்தில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

காதர் பாயின் லைசென்ஸை முடக்கிய அன்று அவர் ஸ்டேஷன் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோ உள்ளே காம்பவுண்டில் நின்றது. சீட்டில் யாருடையதோ ஒரு டிபன் பை இன்னும் கிடந்தது. நான் வெளியே வந்ததும் அருகில் வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"கேட்டாண்ட நிறுத்துனா ஃபைன். வளைவுல நிறுத்துனா கேஸ். நான் எங்க மேடம் நிறுத்தியிருக்கணும்? நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

சர்வீஸ் முழுக்கக் கையை நீட்டி, அங்கே நிறுத்து, இங்கே நிறுத்தாதே என்று சொன்னவள் நான். வெயில் அடிக்கிறது, வீட்டுக்குப் போங்க பாய் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நடந்து போனார்.

இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாக இருக்கிறார். வெள்ளைக்காரர்களின் வாடகை ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திவைப்பது வேலை. ஒருமுறை பார்த்தேன். சௌக்கியமா மேடம் என்றார், சௌக்கியம் என்றேன்.

எனவே என்னிடமிருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் ஃபைன் குறைந்தால் கைதட்டாதீர்கள். நேற்றுவரை அங்கே நின்ற வண்டிகள் இன்று எங்கே நிற்கின்றன என்று நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் அதிகாரி கேட்கமாட்டார், அதனால்தான் சொல்கிறேன். ஊர் ஒன்றும் கரைந்து போய்விடாது. கேமரா கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். யாழினி விஷயத்துக்குப் பிறகு நாங்கள் சும்மா இருந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நடவடிக்கை எடுத்தோம். அந்த வளைவிலும் ஒரு கேமரா வைத்து, மஞ்சள் கட்டம் அடித்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இனி இங்கே ஒரு ஆட்டோவும் நிற்காது என்று மைக்கில் சொன்னார்கள். சொன்னபடியே ஒன்றும் நிற்பதில்லை. போன வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பிள்ளைகள் இப்போது பெட்ரோல் பங்கையும் தாண்டி இறங்குகிறார்கள். ரோடு அங்கே இன்னும் அகலம். கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருவரும் இல்லை. தாங்களாகவே ஓடிக் கடக்கிறார்கள்.